ஜெய்பால் சிங் முண்டா: ஆடுகளமும் அவைக்களமும்

விளையாட்டு வீரர்க்கு உலகம் அளிக்கும் புகழ் மிகக் குறுகிய காலத்தது. கையும் காலும் உரமாய் இருக்குமளவும் ஆரவாரிக்கும் கூட்டம், அவ்வுரம் தளர்ந்தவுடன் வேறொருவரை நாடிச் செல்லும். அதன்பின் எஞ்சும் நெடிய வாழ்நாளை அவர் எங்ஙனம் பயன்படுத்துகின்றார் என்பதே அவர்தம் பெருமைக்கு உரைகல்லாகும். இதற்குச் சான்றாக வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில், ராஞ்சியைச் சார்ந்த பகுதியில், டக்ரா என்னும் சிற்றூரில், முண்டா என்னும் பழங்குடியில், 1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் ஜெய்பால் சிங் பிறந்தார். ராஞ்சித் தூய பவுல் மிஷன் பள்ளியில் இவர் பயின்றபோது, இவர்தம் அறிவுக் கூர்மையைக் கண்ட தலைமையாசிரியர் காஸ்கிரேவ் பாதிரியார் இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் தூய யோவான் கல்லூரியிற் பொருளாதாரம் கற்றுப் பட்டம் பெற்றதோடு, ஹாக்கி ஆட்டத்திற் பல்கலைக்கழகத்தின் சார்பாக ஆடும் சிறப்பும் எய்தினார்.

பின்னர் ஐ.சி.எஸ். பதவிக்குப் பயிற்சி பெற்றுவருங்கால், 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லும் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்குமாறு அழைப்பு வந்தது. விடுமுறை மறுக்கப்பட்டும் இவர் சென்றார். இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் அடித்து, ஒன்றேனும் வாங்காது தங்கப் பதக்கம் வென்றது. எனினும் இறுதி ஆட்டத்திற்கு முன்னரே இவர் அணியினின்று நீங்கினமையால், மே 26-ஆம் நாள் ஹாலந்தை வென்றபோது களத்தில் இவர் இல்லை. மீண்டு வந்தவர்க்கு, பயிற்சியை மேலும் ஓராண்டு தொடரவேண்டுமென ஆணை பிறந்தது. அதற்கு இசையாது அப்பதவியையே துறந்தார்.

இதன்பின் கல்கத்தாவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றிலும், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட் நாட்டின் அச்சிமோட்டாக் கல்லூரியிலும், ராய்ப்பூர் ராஜகுமாரர் கல்லூரியிலும், பிகானேர் சமஸ்தானத்திலும் இவர் பணியாற்றினார். வளமான வாழ்வுக்கு இவை போதியனவே. ஆயினும் நிலமிழந்தும் மதிப்பிழந்தும் வாடிய தம் குடிமக்களின் குரல் இவரை அழைத்தது. 1939-ல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார்.

1946-ல் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் நாள் அங்கே பேசியபோது, காட்டுவாசி என்னும் பெயருக்கு நாணாது தம்மை அங்ஙனமே கூறிக்கொண்டார். குடியாட்சி முறையைப் பழங்குடியினர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்பாலிருந்து பிறரே கற்கவேண்டும் என வாதித்தார். அவையில் மேலும் பல பெண்கள் இடம்பெற வேண்டும் எனவும் எடுத்துக்காட்டினார்.

இவர் தலைமையில் ஜார்க்கண்டுக் கட்சி 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் பீகார்ச் சட்டசபையில் 30-க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றது. இவரும் அவ்வாண்டு முதல் இறுதிவரை பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கினார். ஆனால் தனி மாகாணக் கோரிக்கையை 1955-ல் மாகாணச் சீரமைப்புக் குழு ஏற்கவில்லை. 1963-ல் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். இம்முடிவு தம்மவருட் பலர்க்கு வருத்தம் விளைத்தது. கருதியதும் கைகூடிற்றிலது. 1970-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் டில்லியில் இவர் காலமானார். முப்பது ஆண்டுகள் சென்றபின், 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாளன்றே ஜார்க்கண்டு தனி மாநிலமாய் அமைந்தது.

ஆடுகளத்தில் இறுதி வெற்றியைக் கண்ணாரக் காணாதவர், அரசியலிலும் அங்ஙனமே காணாது மறைந்தார். எனினும் இரண்டிடத்தும் அவர் உழைப்பின் பயனைப் பிறர் துய்த்தனர். எம்மூராகிய பிள்ளைச்சாவடிக் கடற்கரையிற் பந்தாடும் இளைஞருள் ஒலிம்பிக் செல்வோர் ஒருவரோ இருவரோ, ஒருவருமில்லாமலும் போகலாம். ஆயின், கற்ற கல்வியைத் தம் மக்களுக்காகப் பேசும் குரலாக்குதல் எவர்க்கும் இயலும். நண்பர்காள்! கல்லூரி ஆடுகளத்தை விட்டு நாம் நீங்கும் நாளில் ஜெய்பால் சிங்கின் பிற்கால வாழ்வையும் நினைவிற் கொள்வோமாக.