பலரின் கரங்களில் உயர்ந்த ஆலயம்

புனித சூசையப்பரின் திருநாளாகிய மார்ச் 19ஆந் திகதி, 1882ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் திருக்குடும்ப ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. விசுவாசிகளின் காணிக்கையைக் கொண்டே அதனைக் கட்டியெழுப்புவது என்பது ஏற்பாடு. ஆயினும் அதிக காலம் கழியுமுன்னரே பிணக்கு மூண்டது. தூண்களை முழு வெட்டுக்கல்லால் அமைக்க விரும்பினார் கட்டடக்கலைஞர் வில்லார். செலவைக் குறைக்க வேறு வழி கூறினார் ஆலோசகர் மார்த்தொரெல். ஈற்றில் வில்லார் விலகிக்கொண்டார். கட்டட வேலைகளில் இத்தகைய பிணக்குகள் நமக்கும் புதியனவல்லவே!

1883இல் அப்பொறுப்பு 31 வயதான அந்தோனி கௌடியிடம் வந்தது. செப்புக் கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். இளமையிலேயே வாத நோயால் வருந்தியவர். தந்தையின் பட்டறையில் தகடு பாத்திரமாக உருப்பெறுவதைக் கண்டு வளர்ந்ததாலோ என்னவோ, வரைபடத்தை விடச் சாந்தினால் செய்த மாதிரி உருவங்களையே அவர் பெரிதும் நம்பினார். மாதிரியைச் சிற்பியும் கொல்லரும் கல்தச்சரும் சூழ நின்று பார்க்கலாம், தொட்டுணரலாம், திருத்தலாம்.

அவருடைய வலக்கரமாக விளங்கிய பெரங்கேர், கட்டடக்கலைஞர் பட்டம் பெறாதவர். அது கௌடிக்குத் தடையாகத் தோன்றவில்லை. சிற்பி மத்தமாலா பல்லாண்டுகள் அவருடனேயே உழைத்தார். கொலோனியா குவெல் என்னும் இடத்தின் சிற்றாலயத்துக்காகக் கயிறுகளில் ஈயக்குண்டுப் பைகளைத் தொங்கவிட்டு, வளைவுகள் பாரந்தாங்கும் விதத்தை ஆராய்ந்தபோதும், பொறியியலாளரும் சிற்பியும் உடனிருந்து பல ஆண்டுகள் பாடுபட்டனர். பிறப்பு முகப்பின் சிற்பங்களுக்கோ வேலையாட்களும் அயலவருமே முன்மாதிரியாக நின்றனர். கழுதையொன்றும் கயிற்றில் தூக்கி நிறுத்தப்பட்டதாம்! அவ்வேலையாட்களின் பிள்ளைகளுக்கும் அயற்பிள்ளைகளுக்குமாக 1909இல் ஆலய வளவிலேயே சிறு பாடசாலையொன்றையும் அவர் எழுப்பினார்.

தமது ஆயுளில் இப்பணி முடியாதென்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே ஆலயம் முழுவதையும் அடியிலிருந்து சிறிது சிறிதாக உயர்த்தாமல், ஒரு முகப்பை மாத்திரம் உச்சிவரை எழுப்பத் துணிந்தார். அதனைக் காணும் அடுத்த தலைமுறை வேலையைக் கைவிடாது என்பது அவர் எண்ணம். காணிக்கை குறைந்தபோது தாமே வீடு வீடாகச் சென்று கையேந்தினார். முகப்பின் நான்கு கோபுரங்களுள் புனித பர்னபாவின் கோபுரம் ஒன்றே அவர் கண்முன் நிறைவுபெற்றது. அது 1925ஆம் ஆண்டு நவம்பர் மாதம்.

1926 ஜூன் 7ஆந் திகதி மாலையில், வழமைபோல் நடந்து சென்றபோது ட்ராம் வண்டியில் அடிபட்டார். கிழிந்த உடையைக் கண்டோர் அவரைப் பிச்சைக்காரர் என்றே எண்ணினர். ஏழைகளுக்கான வைத்தியசாலையில் 10ஆந் திகதி உயிர்நீத்த அவர், தாம் கட்டிய ஆலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பத்தாண்டுகளின் பின் வந்ததே பெருஞ்சோதனை. 1936இல் உள்நாட்டுப் போரின்போது அவருடைய பணிமனை தீக்கிரையானது. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் நொறுங்கின. தனியொருவரின் வேலையாக இருந்திருந்தால் அன்றே யாவும் முடிந்திருக்கும். அவரோடு உழைத்துப் பழகியவர்கள் சிதறிய சாந்துத் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, குருவின் எண்ணத்தை மீட்டெடுத்தனர். 1954இல் பாடுகளின் முகப்பு ஆரம்பமாயிற்று. 2010இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் ஆலயத்தை அபிஷேகம் செய்தார். 2025 ஏப்ரலில் பாப்பரசர் பிரான்சிஸ் கௌடியை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

1978இல் யப்பானிலிருந்து வந்த சொத்தோ என்னும் இளஞ்சிற்பி, கல் செதுக்கும் வேலை கேட்டு அங்கு சேர்ந்தார். அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர். கௌடி வெறுமையாக விட்டுச்சென்ற இடங்களில் இசைமீட்டும் வானதூதர்களைச் செதுக்கினார். அவ்வேலையினூடே விசுவாசத்தைக் கண்டடைந்து திருமுழுக்கும் பெற்றார்.