தோல்வியில் துவளாத இரட்டைமலையார்

நமது பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் தோன்றியவர் இரட்டைமலை சீனிவாசனார். நமது கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அப்பெருமகனார் கண்ட தோல்விகளை நினைவுகூர விழைகின்றோம். அவர்தம் வெற்றிகளைப் பலரும் அறிவர். தோல்விகளை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

கோவையில் பயின்ற நாளில், தம் குலம் தெரிந்தால் இழிவு நேருமென்று அஞ்சி, உடன் பயின்றோருடன் கூடி விளையாடாது ஒதுங்கி வாழ்ந்தார் அவர். அங்ஙனம் அஞ்சியவரே, 1893-ஆம் ஆண்டு தம் குலப்பெயரையே தலைப்பாகக் கொண்டு ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழ் 1900-இல் நின்றது. பின்னர், ஒடுக்கப்பட்டோர் குறைகளை இலண்டனில் நேரில் முறையிடும் நோக்குடன் புறப்பட்டார். அப்பயணமும் இடைவழியில் தடைப்பட்டது. 1904-இல் தென்னாப்பிரிக்காவை அடைந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். எடுத்த செயல் இரண்டும் முடங்கின என்றே அன்று கண்டோர் கருதியிருப்பர்.

ஆயினும், எளியோர் சொல்லை அதிகாரத்தில் இருப்போர்க்கு விளங்க உரைப்பதே மொழிபெயர்ப்பாளர் தொழில். தாயகம் திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான பின் அவர் ஆற்றிய தொண்டும் அதுவே. பொதுத்தெருக்களும் கிணறுகளும் அலுவலகங்களும் அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானம் 1924-இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. 1930-இல், எழுபதை எட்டிய அகவையில், அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அன்று தடைப்பட்ட இலண்டன் பயணம் அவ்வாறே நிறைவெய்தியது.

அதன் பின்னும் தோல்வி அவரை விட்டபாடில்லை. 1932-இல் கிடைத்த தனிவாக்காளர் தொகுதி உரிமை, அவ்வாண்டே பூனா ஒப்பந்தத்தால் கைநழுவிற்று. மாற்றாக மாகாணச் சட்டமன்றங்களில் 148 தனி இடங்கள் கிடைத்தன. இழந்ததை எண்ணி ஓய்ந்துவிடாது, 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறையும்வரை அவர் வாழ்வு நம் மக்கள் தொண்டிலேயே கழிந்தது.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைவாயில்களில் ஒப்பந்தக் கூலிகளாய் நிற்கும் நம் பிள்ளைகளுள், ஒரே பாடத்தில் தவறியதால் படிப்பைக் கைவிட்டோரும் உளர். துணைத்தேர்வு எழுதினால் தீரக்கூடிய குறை, வாழ்நாள் முழுமைக்குமான தீர்ப்பாகிவிடுகின்றது. பெற்றோரும், ‘நமக்குப் படிப்பு வராது’ என அமைதி கொள்கின்றனர். வாய்ப்பின்மையால் நேர்ந்ததை அறிவின்மை என்று ஏற்பதே உண்மைத் தோல்வி. தவறிய பாடத்தை ஒப்புக்கொள்க. தகுதியில்லை என்பதை ஒப்புக்கொள்ளற்க.

பெற்றோரே! தேர்வில் தவறிய பிள்ளையை ஆலைக்கு அனுப்புமுன், துணைத்தேர்வுக்கு ஒருமுறை அனுப்புங்கள். இலண்டன் சேர இரட்டைமலையாருக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆயின. நம் பிள்ளைக்குச் சில திங்கள் அளிக்கலாகாதா?