ஷாப்ட்ஸ்பரிப் பிரபு

செல்வக்குடியிற் பிறந்தும் செல்வ வாழ்வில் அமிழ்ந்துவிடாது, மண்ணினுள் இருளிற் கிடந்த ஏழைச் சிறார்க்காக வாதாடியவர் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு. அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்பது அவரது இயற்பெயர். 1801-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ம் நாள் லண்டன் மாநகரிற் பிறந்தார். பிரபுவின் மகனாயினும் பெற்றோரின் அன்பை அவர் கண்டிலர். வீட்டுப் பணிப்பெண்ணாகிய மரியா மில்லிஸ் என்பாளே அவருக்குத் தாய்போலிருந்து செபமும் வேதமும் கற்பித்தாள். அவள் விட்டுச்சென்ற கடிகாரத்தை அவர் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார். ஹாரோ பள்ளியிற் பயின்ற நாளில், குடித்து வெறித்த சிலர் ஓர் ஏழையின் சவப்பெட்டியைத் தெருவிற் கீழே தவறவிட்டதைக் கண்டு, அன்றே ஏழைகளுக்கென உழைக்கத் துணிந்தார் என்பர். ஆக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறி, 1826-ல் பார்லிமெண்டு புகுந்தார். அந்நாளில் அவரை ஆஷ்லி பிரபு என வழங்கினர்.

அக்காலத்து ஆங்கில நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் நிலையை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சுரங்கத்துள் தீப்பற்றும் வாயு தேங்காது காற்றுச் செவ்வே செல்லும்பொருட்டு வழிகளிற் கதவுகள் அமைத்திருந்தனர். கரிவண்டி வரும்போது திறந்து, போனபின் மூடுதற்கு ஐந்தாறு வயதுக் குழந்தைகளை இருத்தினர். நம் குண்டூர் நாட்டில் அவ்வயதுப் பிள்ளை கொல்லிமலைச் சாரலில் வெயிலும் பனியும் பட ஓடித் திரியும். அங்கோ அது நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருளிற் குந்தியிருந்தது. அது கண்ணயர்ந்து கதவு திறந்து கிடப்பின் காற்று வழிமாறும். வாயு தேங்கித் தீப்பற்றிச் சுரங்கமே வெடிக்கவுங் கூடும். அத்தனை பேர் உயிரையும் ஒரு குழந்தையின் விழிப்பில் வைத்த முதலாளிகளின் துணிவை என்னென்பது! பெண்டிரும் சிறாரும் இடையில் வார்கட்டி, கால்களினிடையே சங்கிலியைச் செலுத்தி, விலங்குபோற் தவழ்ந்து வண்டி இழுத்தனர். 1838-ம் ஆண்டு ஜூலை 4-ம் நாள் யார்க்‌ஷயரிலுள்ள ஹஸ்கர் சுரங்கத்தில், பெருமழை கண்டு வெளியேற முயன்ற சிறாரை வெள்ளம் அத்தகைய கதவொன்றோடு மோதி அடைத்தது. இருபத்தறுவர் மாண்டனர், அவருள் ஏழு வயதினரும் உளர்.

1840-ல் ஆஷ்லியின் முயற்சியால் விசாரணைக்குழு ஏற்பட்டது. 1842 மே மாதத்தில் அதன் அறிக்கை படங்களோடு வெளிவந்தது. எழுத்தைப் படியாதோரும் படத்தைக் கண்டு நாணினர். ஜூன் 7-ம் நாள் அவர் இரண்டு மணி நேரம் பேச, பொதுமக்கள் சபை இசைந்தது. பிரபுக்கள் சபையிலோ லண்டன்டெரிப் பிரபு முதலிய சுரங்க உடைமையாளர் எதிர்த்தனர். சிறுவர்க்குப் பதின்மூன்று வயதெல்லை கேட்டார், பத்தே கிடைத்தது. ஆகஸ்டு 10-ம் நாள் பெண்டிரும் பத்து வயதிற்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்தலை விலக்கும் சட்டம் பிறந்தது.

சட்டத்தின் குறையை மறைத்தல் தகாது. நாடு முழுதுக்கும் டிரெமன்ஹீர் என்னும் ஒரே மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டார். சுரங்கத்தின் காப்பினை உள்ளிறங்கிச் சோதிக்கும் அதிகாரம் 1850-ம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது. வேலையிழந்த பெண்டிர்க்கு மாற்றுப் பிழைப்பு அளித்தாரில்லை. சிலர் ஆணுடை பூண்டு மீண்டும் இறங்கினர்.

இந்திய நாட்டில் முதற் சுரங்கச் சட்டம் 1901-ல் வந்தது. 1923-ம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று வயதிற்குட்பட்டாரை விலக்கிற்று. பெண்டிர் நிலத்தடி வேலை 1937-ல் முற்றும் விலக்கப்பட்டு, போர்க்காலத்தில் கரி வேண்டுமென்று 1943-ல் மீண்டும் இசைவு பெற்று, 1946-ல் மறுபடி விலக்கப்பட்டது. சட்டம் எத்துணை எளிதில் நெகிழ்கின்றது! மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நம் கொல்லிமலையிற் பாக்சைட்டுக் கல் வெட்டிய காலத்து, அத்திறந்தவெளிக் குழிகளுக்கும் 1952-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே உரியதாயிருந்தது.

ஆஷ்லியின் தந்தையது பண்ணையாட்கள் குறைகூலியால் வருந்துவதைப் பகைவர் சுட்டி இகழ்ந்தனர். அஃது அவரை மிக வருத்திற்று. 1851-ல் ஷாப்ட்ஸ்பரிப் பட்டம் எய்தியபின், கடன் பட்டேனும் அவர்க்கு வீடுகள் கட்டுவித்தார். 1847-ம் ஆண்டுப் பத்துமணிச் சட்டத்திற்கும் அவருழைப்பே பெருங்காரணம். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்காகவும் பிரபுக்கள் சபையிற் பரிந்து பேசினார். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. 1885-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் நாள் போக்ஸ்டன் நகரில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டிற்கு ஏழையர் பெருந்திரளாய் வீதியில் நின்றனர். அவருடல் விம்போர்ன் செயின்ட் கைல்ஸ் என்னும் சொந்தச் சிற்றூரில் அடக்கஞ் செய்யப்பட்டது.