கிதாருக்கு உருத் தந்த தச்சர்

இசைப்போரை உலகம் போற்றும். இசைக்கருவி செய்தோரை மறக்கும். கிதாரை மீட்டிப் புகழெய்திய கலைஞர்களின் பெயர்களை இசையன்பர் பலரும் அறிவர். அக்கருவிக்கு இன்றைய வடிவையும் ஒலியையும் வகுத்தளித்தவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவர் என்பதை அறிந்தோர் சிலரே. அந்தோனியோ தே தோரெஸ் என்பது அவர் பெயர். ஒரு கருவியைக் கண்ணால் தேர்வதா, செவியால் தேர்வதா என்னும் வினாவுக்குத் தம் வாழ்நாள் உழைப்பையே விடையாக வைத்துச் சென்றவர் அவர்.

இளமையும் இழப்பும்

ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ளது அல்மேரியா நகரம். அதனை அடுத்த லா கன்யாதா என்னும் சிற்றூரில் 1817ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13ஆம் நாள் தோரெஸ் பிறந்தார். தந்தையார் வரி தண்டும் பணியினர். சிறுவயதிலேயே தோரெஸ் தச்சரொருவரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார்.

1833இல் ஸ்பெயினில் அரசுரிமைப் போர் மூண்டது. மணமாகாத இளைஞர்களைப் படைக்கு அழைத்தனர். மகனைக் காக்க விரும்பிய குடும்பத்தார், 1835இல் வேரா என்னும் ஊரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமியை அவருக்கு விரைந்து மணமுடித்தனர். போரிலிருந்து காத்த அத்திருமணம் துயரிலிருந்து காக்கவில்லை. பிறந்த பெண்மக்கள் மூவருள் இருவர் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். 1845இல் மனைவியும் காசநோய்க்கு இரையானார். இருபத்தெட்டாம் வயதிலேயே மனைவியை இழந்த தோரெஸ், பின்னர் ஊரை விட்டுச் செவில்லா நகருக்குச் சென்றார்.

செவில்லாப் பட்டறை

பாட்டும் ஆட்டமும் நிறைந்த செவில்லாவில் கிதார் செய்வோர் பலர் தொழில் நடத்தி வந்தனர். அவர்களிடையே தோரெஸும் 1850களின் தொடக்கத்தில் கிதார் செய்பவராகத் தலையெடுத்தார். அல்மேரியா மாவட்டத்தில் பிறந்து, அரங்குகளில் கிதார் வாசித்துப் புகழ்பெற்றிருந்த ஹூலியான் அர்காஸ் அவருக்கு நண்பரானார். வாசிப்பவரின் குறையும் தேவையும் செய்பவரின் செவிக்கு எட்டின. அக்காலக் கிதார் சிறிய உடலும் மெலிந்த குரலும் உடையது. வீட்டுக் கூடத்துக்குப் போதும், பேரரங்குக்குப் போதாது. 1856இல் தோரெஸ் செய்து முடித்த ஒரு கிதார் ‘லா லெயோனா’, அதாவது பெண்சிங்கம், எனப் பெயர் பெற்றது. அதனை அர்காஸ் தம் கச்சேரிகளில் வாசித்தார்.

1858இல் செவில்லாவில் நடந்த கைவினைக் கண்காட்சியில் தோரெஸின் கிதார் வெண்கலப் பதக்கம் பெற்றது. அது கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடுடைய கருவி. அழகு வேலையில் அவர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதற்கு அதுவே சான்று. எனினும் அவர் மனம் அழகினும் ஒலியையே நாடிற்று.

மேற்பலகையின் மெய்ம்மை

கிதாரின் நரம்பு தனியே அதிர்ந்தால் எழும் ஒலி மிகச் சிறிது. அவ்வதிர்வு, நரம்புகளைக் கட்டியுள்ள பாலத்தின் வழியே மேற்பலகையை அடைகிறது. பலகை அசைந்து காற்றை அசைக்கிறது. அதுவே செவியில் விழும் கிதாரின் குரல். பலகை தடித்திருந்தால் ஒலி முடங்கும். மெலிந்திருந்தால் நரம்புகளின் இழுப்பில் வளைந்து கெடும். இவ்விரு இடர்களுக்கும் நடுவே வழி காண்பதே கிதார் தச்சரின் கலை.

தோரெஸ் கருவியின் உடலைப் பெரிதாக்கினார். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பலகையை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நடுவில் சற்றே குவிந்திருக்குமாறு அமைத்தார். அதன் அடிப்புறத்தில் மெல்லிய குச்சிகள் ஏழினை விசிறி விரிந்தாற்போல் ஒட்டினார். அவை பலகையைத் தாங்கும். ஆனால் அதன் அசைவைத் தடுக்கமாட்டா. அதிரும் நரம்பின் நீளம் 65 சென்டிமீட்டர் அளவில் அமைந்தது. இன்றைய செவ்வியல் கிதார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே அளவு. விசிறிக் குச்சிகளை முதன்முதல் கண்டவர் அவரல்லர். அவருக்கு முன்னிருந்த செவில்லாத் தச்சர்களும் அறிந்தவையே. தனித்தனியே கிடந்த நுட்பங்களை ஒன்றுக்கொன்று இசையப் பொருத்தி ஒரு முழுமை கண்டதே அவருடைய பெருமை.

கிதாரின் குரல் முதன்மையாக மேற்பலகையில் உள்ளது என்பது தோரெஸின் கொள்கை. அதனை அவர் வாதத்தால் அன்றிச் செயலால் மெய்ப்பித்தார். 1862இல் அவர் செய்த கிதார் ஒன்றின் முதுகும் பக்கங்களும் மரத்தால் ஆனவையல்ல. காகித அட்டையால் ஆனவை. மேற்பலகை மட்டும் நல்ல ஸ்புரூஸ். விலையுயர்ந்த ஈட்டிமரத்தின் இடத்தில் அட்டை நின்றபோதும் கிதார் கிதாராகவே ஒலித்தது. அக்கருவி இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. விற்பனைக்காகவோ புகழுக்காகவோ செய்யப்பட்டதன்று அது. தாம் நம்பியதைச் சோதித்தறிய ஒரு தொழிலாளி செய்துகொண்ட ஆய்வு.

இளைஞரும் கிதாரும்

1869இல் பதினேழு வயது இளைஞர் ஒருவர் நல்ல கிதார் வாங்க நாடிச் செவில்லாவுக்கு வந்தார். அவரே பின்னாளில் பெரும்புகழ் எய்திய பிரான்சிஸ்கோ தாரெகா. தோரெஸ் அவருக்கு முதலில் எளிய விலையுள்ள கருவி ஒன்றைக் காட்டினார். இளைஞர் அதனை வாசிக்கக் கேட்டபின், உள்ளே சென்று தமக்கென வைத்திருந்த கிதாரை எடுத்து வந்து தந்தார். 1864இல் மேப்பிள் மரத்தில் செய்யப்பட்ட கிதார் அது. வாங்குபவர் கருவியைத் தேர்வதே வழக்கம். அன்று கருவியைச் செய்தவர் வாசிப்பவரைத் தேர்ந்தார். அக்கிதாரைத் தாரெகா நெடுங்காலம் வாசித்தார். தோரெஸின் கருவி எத்தகையது என்பதை அவர் வாயிலாக உலகம் அறிந்தது.

பீங்கான் கடை

இத்தகைய கைத்திறன் அவருக்கு வாழ்வளிக்கவில்லை. 1868இல் மறுமணம் செய்துகொண்ட தோரெஸ், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பட்டறையை மூடிவிட்டு அல்மேரியாவுக்கே திரும்பினார். அங்கே பீங்கான், கண்ணாடிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றை வைத்தார். உலகின் தலைசிறந்த கிதார் தச்சர் தட்டும் கோப்பையும் விற்று வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அவர் உளி உறங்கிக் கிடந்தது.

1875 அளவில் அவர் மீண்டும் கிதார் செய்யத் தொடங்கினார். பகலில் கடை, எஞ்சிய பொழுதில் பட்டறை. கருவிகளின் உள்ளே ஒட்டிய சீட்டுகளில் இதனை இரண்டாம் காலம் என்றே குறித்து, எண்ணும் இட்டார். 1883இல் இரண்டாம் மனைவியும் மறைந்தபின் முழுமூச்சாக வேலையில் ஆழ்ந்தார். ஆண்டுக்குப் பன்னிரண்டளவில் கருவிகள் பிறந்தன. இறுதிக் காலத்தில் கைகள் நடுங்கின. நண்பரான ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் என்னும் பாதிரியார் நுண்ணிய வேலைகளில் அவருக்குத் துணைபுரிந்தார்.

தோரெஸின் தொழில் மறைபொருள் அவரோடு மறைந்துவிடுமோ என்னும் கவலை நண்பர்களுக்கு இருந்தது. அதனைப் பிறர்க்கு விட்டுச்செல்ல இயலாது என்று அவர் விடையிறுத்தாராம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பலகையைப் பற்றிப் பார்க்கையில், இழைத்தது போதுமா போதாதா என்பதை விரல்நுனிகள் அறிவிக்கும். அவ்வுணர்வே தம் மறைபொருள் என்பது அவர் கருத்து. பாதிரியார் இதனைப் பின்னர் 1931இல் எழுதிய கடிதத்தில் பதிவு செய்துள்ளார். 1892 நவம்பர் 19ஆம் நாள் தோரெஸ் தம் எழுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

காத்தலும் தொடர்தலும்

தோரெஸ் கண்ட மெல்லிய பலகை காப்பவரிடம் கவனத்தை வேண்டுவது. அவர் கிதார்கள் விலங்குக் குடலால் ஆன நரம்புகளுக்கென அமைந்தவை. 1940களில் நைலான் நரம்புகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இவ்வகைக் கிதாரில் எஃகுக் கம்பிகளைப் பூட்டினால் அவற்றின் கடும் இழுப்பில் பாலம் பெயரும், பலகை புடைக்கும். வறண்ட காற்றில் பலகை சுருங்கி வெடிக்கும். ஈரக் காற்றில் ஊதி ஒலி மங்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருத்தல் நலம். தச்சர்கள் சாராயத்தில் கரைத்த அரக்கை மிக மெல்லிதாகப் பூசுவது, பூச்சின் கனம் பலகையின் அசைவைத் தடுத்துவிடாமல் இருக்கவே. அத்தகைய கருவியை வாசித்தபின் வியர்வை போக மென்துணியால் துடைத்தல் வேண்டும். சாராயம் கலந்த எதுவும் அதன்மீது படலாகாது.

விரல்நுனி உணர்வை விட்டுச்செல்ல இயலாது என்றார் தோரெஸ். ஆனால் அவர் கருவிகளே ஆசிரியர்களாயின. மாத்ரித்தின் மனுவேல் ராமிரெஸ், ஜெர்மனியின் ஹெர்மன் ஹௌசர் முதலிய பெருந்தச்சர்கள் அவர் வகுத்த வழியில் நடந்தனர். 1912இல் ராமிரெஸ் பட்டறையிலும் 1937இல் ஹௌசர் கையிலும் பிறந்த கிதார்களை வாசித்தே ஆந்த்ரேஸ் செகோவியா உலகை வென்றார்.

இன்று முதன்முதல் கிதார் வாங்கச் செல்லும் மாணவருக்கு அறிந்தோர் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. கையிருப்புக் குறைவாயின் முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாக இருக்கட்டும். மேற்பலகை மட்டும் ஒட்டாத முழுமரமாக இருக்கட்டும் என்பதே அது. அக்கடையில் நிற்கும் மாணவர் தோரெஸின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் 1862இல் அட்டையை வளைத்து ஒட்டிய அந்த ஏழைத் தச்சரின் சோதனையே அவருக்கு வழிகாட்டுகிறது.