வெடிப்பின் விசையை அளந்தவர்

வெடிப்பு என்றால் என்னவென்று மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஏறாவூரிலிருந்து தன்னாமுனை வழியாக நகருக்குச் சென்று வந்த தமிழரும் முஸ்லிம்களும் அந்த அச்சத்தைப் பல ஆண்டுகள் ஒருங்கே சுமந்தவர்கள். கண் இமைக்கும் முன் முடிந்துவிடும் அந்த விசையை அளக்க வழி கண்டவர் பேர்ட்ரம் ஹொப்கின்சன். பொறியியல் உலகம் நன்கறிந்த பெயர் அது.

1874 இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த அவர், முதலில் சட்டத்துறையையே தேர்ந்தெடுத்தார். 1898 இல் புகழ்பெற்ற பொறியியலாளரான தந்தையும் ஒரு சகோதரரும் இரு சகோதரிகளும் அல்ப்ஸ் மலையேற்றத்தில் ஒரே நாளில் மாண்டனர். அதன் பின்னர் தந்தையின் துறைக்கே திரும்பிய அவர், 1903 இல், 29 வயதில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1914 இல் அவர் வெளியிட்ட ஆய்வு எளிமையானது, ஆழமானது. தொங்கவிடப்பட்ட உருக்குத் தண்டு ஒன்றின் ஒரு முனையில் வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். மறுமுனையில் காந்த விசையால் ஒட்டியிருந்த சிறு துண்டு, தண்டினூடாக வந்த அழுத்த அலையின் ஒரு பகுதியை ஏந்திக்கொண்டு பறந்தது. வெவ்வேறு நீளமுள்ள துண்டுகளைப் பொருத்தி, அழுத்தத்தின் உச்ச அளவையும் அது நீடித்த நேரத்தையும் கணித்தார். வெடிப்பு துளைக்காத தகட்டிலும் பின்புறம் பெயர்ந்து தெறிப்பதேன் என்பதையும் விளக்கினார். அழுத்த அலை பின்பரப்பில் பட்டு இழுவிசையாகத் திரும்புவதே அதற்குக் காரணம். வெடிமருந்து 8 மடங்கானால் அதே அழுத்தம் 2 மடங்கு தூரத்தில் உணரப்படும் என்ற அவரது விதி, சிறு மாதிரியைக் கொண்டு பெருவெடிப்பைக் கணிக்க வழி திறந்தது.

முதலாம் உலகப் போரில், டோர்பிடோத் தாக்குதலிலிருந்து கப்பல்களைக் காக்கும் புறப் புடைப்புகள் பற்றி ஆராய்ந்தார். விமான ஆயுதச் சோதனைகளையும் நடத்தினார். தாமே விமானம் ஓட்டக் கற்ற அவர், 1918 ஓகஸ்ட் 26 அன்று விமான விபத்தில் 44 வயதில் உயிரிழந்தார்.

கண்ணிவெடி தாங்கும் வாகனத்தின் அடித்தகடு எவ்வளவு வளையும் என்பதை இன்று கணினி கணிக்கிறது. அதற்கு வேண்டிய உலோகத் தரவுகளைத் தருபவை அவரது தண்டின் வழிவந்த கருவிகளே. அதே தரவுகள் குண்டு செய்பவனுக்கும் உதவும். அறிவு தன் பயனைத் தானே தேர்ந்துகொள்வதில்லை, அப்பொறுப்பு சமூகங்களுடையது. 2017 இல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட மட்டக்களப்பு, இவ்வுண்மையை மறத்தலாகாது.