லூ கெரிக்: பேஸ்பால் ‘இரும்புக் குதிரை’க்கு போட்ட வைட்டமின் இ ஊசி பலித்ததா?

ஸ்டீபன் ஹாக்கிங்கை வீல்சேரில் உட்கார வைத்த ஏ.எல்.எஸ். நோய்க்கு அமெரிக்காவில் இன்னொரு பெயர் உண்டு: லூ கெரிக் நோய். யார் இந்த கெரிக்?

1903-ல் நியூயார்க்கில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைத் தம்பதிக்குப் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே யாங்கீஸ் பேஸ்பால் அணி அவரைக் கொத்திக்கொண்டு போனது. 1925 ஜூனில் தொடங்கி தொடர்ச்சியாக 2,130 போட்டிகள். கை எலும்பு முறிந்தபோதும் லீவு போடல. ‘இரும்புக் குதிரை’ என்ற பட்டம் சும்மா வரல.

1938-ல் ஆட்டம் சரிந்தது. 1939 மே 2 அன்று கெரிக் தானாகவே அணியிலிருந்து ஒதுங்கினார். ஜூன் 19, அவருடைய 36-வது பிறந்தநாளில், மேயோ கிளினிக் நோயை உறுதி செய்தது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

1940-ல் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் இஸ்ரேல் வெக்ஸ்லர் அவருக்கு வைட்டமின் இ கொடுத்துப் பார்த்தார். அந்த வைட்டமின் கிடைக்காத எலிகளுக்கு பக்கவாதம் வந்ததுதான் காரணம். எலியை நம்பி மனுஷனுக்கு மருந்தா என்று இப்போ கேட்கலாம். அன்னைக்கு வேற வழியே இல்ல. 1941 ஜூன் 2 அன்று கெரிக் இறந்தார். வயது 37.

ஆனா வெக்ஸ்லர் கைவைத்த இடம் முக்கியமானது. செல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி சக்தி எடுக்கும்போது, அடுப்புப் புகை மாதிரி ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாகும். அவை அளவு மீறினால் செல்லே சிதையும். இதுதான் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’. வைட்டமின் இ அதைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்.

1993-ல், பரம்பரையாக ஏ.எல்.எஸ். வரும் சில குடும்பங்களில் ‘எஸ்.ஓ.டி.1’ மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் என்சைமை உருவாக்குவதே அந்த மரபணுதான். அப்போ காவல்காரன் தூங்கிட்டான், அதான் பிரச்சினையா? இல்லை. அந்த மரபணுவையே நீக்கிய எலிகளுக்கு ஏ.எல்.எஸ். வரவில்லை, பழுதான மரபணுவைப் புகுத்திய எலிகளுக்கு வந்தது. காவல்காரனே கத்தியெடுத்த கதை அது.

பின்னாளில் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் வைட்டமின் இ நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் எடரவோன் மருந்துக்கு 2015-ல் ஜப்பானும் 2017-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. சோதனையில் ஆரம்பக்கட்ட நோயாளிகள் சிலருக்கு நோய் முற்றும் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. 2023-ல் அமெரிக்கா அனுமதித்த டோஃபர்சென், பழுதான எஸ்.ஓ.டி.1 புரதத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் அந்த மரபணுப் பழுது இருக்கிறது.