சி. ராம்சந்திரா
சி. ராம்சந்திரா (சனவரி 12, 1918 - சனவரி 5, 1982) இந்தித் திரைப்பட இசையமைப்பாளர். மகாராட்டிர மாநிலம் புண்தாம்பாவில் பிறந்தார். இசையமைப்பாளராக அறிமுகமானது தமிழ்ப் படங்களான ஜெயக்கொடி, வனமோகினி ஆகியவற்றில்தான். அல்பேலா (1951), அனார்கலி (1953) பாடல்கள் பெரும்புகழ் தந்தன. சிதல்கர் என்னும் பெயரில் பாடியும் உள்ளார்.

கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, தமது மலைக்கள்ளன் (1954) படத்தை இந்தியில் ஆசாத் (1955) என எடுத்தார். பாடல்கள் சில வாரங்களில் தேவைப்பட்டன. நௌஷாத் மறுத்துவிட்டதாகவும், ராம்சந்திரா ஏற்றுக் குறித்த காலத்தில் முடித்ததாகவும் கூறுவர். அவசர வேலையின் சாயல் அப்பாடல்களில் சிறிதும் இல்லை. லதா, உஷா மங்கேஷ்கர் சகோதரியர் பாட, தமிழ் நடனக் கலைஞர்களான சாயி, சுப்புலட்சுமி இணையர் ஆடிய அப்லம் சப்லம் பாடல் இந்தி அறியாதோராலும் இன்றுவரை விரும்பிக் கேட்கப்படுகிறது.

எஸ். எஸ். வாசனின் வஞ்சிக்கோட்டை வாலிபன் (1958) படத்தில், பத்மினி - வைஜெயந்திமாலா போட்டி நடனத்திற்கான பாடலும் இவர் இசையமைத்ததே. அதனைப் பி. லீலாவும் ஜிக்கியும் பாடினர்.